கருணைக்கும் வேண்டும் ஓர் ஆராய்ச்சி மணி

திருவாரூரில் அரசாண்ட மனுநீதிச் சோழனின் வரலாற்றை அறியாத தமிழர் இருக்க முடியாது. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்தது. தேரை ஓட்டியவன் தன் மகனே என்று தெரிந்தும் மன்னன் நீதி தவறவில்லை. இவ்வரலாற்றைச் சொல்லும்போது பெரிதும் போற்றப்படுவது மன்னனின் தீர்ப்பு. ஆயினும் அத்தீர்ப்புக்கு முன்பே அவன் செய்துவைத்திருந்த செயல் ஒன்று உண்டு. அவன் அந்த மணியைக் கட்டியிருந்தான்.

கொடுங்கோலன் ஒருவன் அப்படி ஒரு மணியைக் கட்டியிருக்க மாட்டான். தான் நல்லவனாக இருப்பினும், தன் எண்ணம் தூயதாக இருப்பினும், தன் கண்ணுக்கு எட்டாமல் தன் ஆட்சியிலேயே ஓர் உயிர் வதைபடக்கூடும் என்பதை உணர்ந்தவனே அதைக் கட்ட முடியும். இங்கே மேலும் இரண்டு உண்மைகள் உள்ளன. முறையிட வந்தது வாய் பேச இயலாத உயிர். தீங்கு நேர்ந்ததோ பகைவனால் அன்று; மன்னனின் சொந்த வீட்டைச் சேர்ந்தவனால்.

நல்லெண்ணத்துடன் செய்யப்படும் சேவைக்குக் கண்காணிப்பு தேவையா? தன்னலமின்றி நோயாளிக்கு உழைக்கும் மருத்துவரைப் பிறர் வந்து ஆராய்வது அவரை அவமதிப்பதாகாதா? பெற்ற தாய் தந்தையரின் அன்புக்கு மேலே இன்னொரு காவல் எதற்கு? இக்கேள்விகள் மிகக் கூர்மையாக எழும் இடம், இளையோருக்கான மனநல மருத்துவம்.

மூன்று நல்லவர்களுக்கு நடுவே

பெங்களூரின் அல்சூரிலோ சிவாஜி நகரிலோ வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பதினாறு வயது மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இரவில் உறக்கமில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசும் குரல் கேட்பதாகச் சொல்கிறாள். கோயில், குடும்ப மருத்துவர், உறவினரின் யோசனைகள் என்று எல்லா வழிகளையும் முயன்றபின், பெற்றோர் அவளை மனநல மருத்துவமனைக்கு அழைத்து வருகின்றனர். உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். "வேண்டாம்" என்கிறாள் மகள். நடுங்கும் கையுடன் தந்தை கையெழுத்திடுகிறார்.

இங்கே கெட்டவர் எவரும் இல்லை. தந்தை அன்பால் கையெழுத்திட்டார். மருத்துவர் கற்ற கல்வியால் முடிவெடுத்தார். மகள் அச்சத்தால் மறுத்தாள். சிகிச்சையும் அவளுக்கு மெய்யாகவே தேவைப்படுகிறது. பெரும்பாலும் அது நன்மையிலேயே முடியும். ஆனால் மருந்தின் அளவு சற்றே மிகுந்துவிட்டது என்று கொள்வோம். அவள் நாளெல்லாம் அயர்ந்து கிடக்கிறாள், பேசுவதில்லை, எதிர்ப்பதில்லை. "முன்பு போல் சத்தமிடுவதில்லை, தேறிவிட்டாள்" என்று தாய் மகிழ்கிறாள். குறிப்பேட்டில் "அமைதியாக இருக்கிறாள்" என்று எழுதப்படுகிறது. அவளது மௌனமே குணம் எனக் கணக்கிடப்படுகிறது.

பிற நோய்களுக்கும் மனநோய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்குதான். கால் முறிந்த நோயாளி "வலிக்கிறது" என்றால் அச்சொல்லே சான்று. மனநோயாளி "என்னை இங்கே துன்புறுத்துகிறார்கள்" என்றால் அச்சொல் நோயின் அறிகுறியாகக் கொள்ளப்படும் வாய்ப்பு உண்டு. சில வேளைகளில் அது மெய்யாகவே அறிகுறியாகவும் இருக்கும். அவளுக்கு வயதும் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் அவளது சொல் இருமுறை எடை குறைகிறது: ஒருமுறை நோயாளி என்பதால், மறுமுறை குழந்தை என்பதால். பேசும் திறன் இருந்தும் அவள் நிலை அந்தப் பசுவின் நிலைக்கு அருகே வந்துவிடுகிறது.

மனசாட்சி எதற்குச் சாட்சி?

"என் மனசாட்சிக்குத் தெரியும்" என்று சொல்வது வழக்கம். மனசாட்சி உயர்ந்ததுதான், அதை இழந்தவரிடம் எந்தச் சட்டமும் பயன் தராது. ஆனால் அது எதற்குச் சாட்சி என்று ஆராய வேண்டும். ஒருவர் என்ன எண்ணத்துடன் செயல்பட்டார் என்பதற்கு அவரது மனசாட்சி சாட்சி சொல்லும். அச்செயலால் மற்றவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அது சாட்சியாகாது. எண்ணம் செய்பவரின் உள்ளத்தில் இருக்கிறது. விளைவோ பிறரின் உடலிலும் உயிரிலும் இருக்கிறது. அவ்விளைவைக் காண வேறொரு கண் வேண்டும்.

இதற்கு மருந்துகளின் வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு. மனச்சோர்வுக்கான மருந்துகளை இளையோருக்குப் பரிந்துரைத்த மருத்துவர்கள் நன்மையை நாடியே அவ்வாறு செய்தனர். பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மருந்து பெற்ற குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் சுமார் 4 சதவீதத்தினரிடம் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ காணப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் அது சுமார் 2 சதவீதம். 2004இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துகளின் மீது கடும் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. 2007இல் அது 24 வயது வரையிலான இளைஞர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நூறில் இருவர் என்ற வேறுபாட்டை எந்தத் தனி மருத்துவரும் தம் அறையில் அமர்ந்தபடி கண்டுணர முடியாது. எவ்வளவு அன்புடையவராயினும் அது அவர் கண்ணுக்குப் புலப்படாது. பலரின் பதிவுகள் ஓரிடத்தில் சேர்ந்து, வேறு சிலரால் ஆராயப்பட்டபோதுதான் அது தெரிந்தது.

இந்த எச்சரிக்கையால் மருந்துகள் தீயவை என்று ஆகிவிடவில்லை. முதல் வாரங்களில் இளையோரை நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். சிலர் அதை அச்சமாக எடுத்துக்கொண்டனர். மருந்து தேவைப்பட்டவர்களுக்கும் அது கிடைக்காமற்போகிறதோ என்ற கவலையை ஆய்வாளர்கள் பின்னர் எழுப்பினர். ஆக, கண்காணிப்பும் தன் விளைவைத் தானே ஆராய வேண்டியிருக்கிறது.

2001: இரண்டு பாடங்கள்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். நோய் தீரும் என்று நம்பிய உற்றார் உறவினர். அவர்கள் திரும்பிச் சென்ற பிறகு அந்த இல்லத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எந்தக் கண்ணும் இல்லை. உச்ச நீதிமன்றம் இச்செய்தியைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் ஓர் அறிக்கை வெளியானது. பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இதய அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி இயன் கென்னடி தலைமையிலான குழு விசாரித்து அளித்த அறிக்கை அது. ஏழ்மையோ அறியாமையோ சங்கிலியோ அங்கே இல்லை. ஆயினும் 1991 முதல் 1995 வரை, எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைவிட ஒரு வயதுக்கு உட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தனர். மயக்கவியல் மருத்துவரான ஸ்டீபன் போல்சின் அங்கே பணியாற்றியபோதே எண்களைச் சேகரித்து ஐயம் எழுப்பினார். அவரது குரல் எளிதில் செவியேறவில்லை. பின்னர் அவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றுவிட்டார். அங்கிருந்தவர்கள் துயரத்தைக் கண்டு இரங்காதவர்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. அவர்கள் அக்கறையும் அர்ப்பணிப்பும் உடையவர்கள். ஆனால் சிலருக்குத் தம் செயலைத் தாமே எடைபோடும் தெளிவு இல்லாமற்போயிற்று என்பதே அதன் சாரம்.

ஒரு மருத்துவமனை தன் சிகிச்சையின் தரத்துக்குத் தானே பொறுப்பேற்று, அதை முறையாக அளந்து, தவறுகளை மறைக்காமல் பதிந்து, அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒழுங்கை 'மருத்துவ ஆளுகை' எனலாம். பிரிட்டனின் பொது மருத்துவத் துறையில் 1990களின் இறுதியில் இக்கருத்து நிலைபெற்றதற்குப் பிரிஸ்டல் துயரமும் ஒரு காரணம். ஏர்வாடியில் கல்வியும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. பிரிஸ்டலில் கல்வி இருந்தது, கண்காணிப்பு இல்லை. கண்காணிப்பு இல்லாத இடத்தில் கல்வியும் நல்லெண்ணமும் குழந்தைகளைக் காப்பாற்றப் போதவில்லை என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது விளங்கும்.

பெங்களூரு காட்டிய வழி

பெங்களூரு ஓசூர் சாலையில் இன்று நிம்ஹான்ஸ் என்று அறியப்படும் நிறுவனத்தின் வேர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரில் தோன்றிய மனநோயாளர் காப்பகத்தில் இருக்கிறது. 1925இல் அது மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அங்கே உருவாயிற்று. 1974இல் இரண்டும் இணைந்து தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் ஆயின. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியைப் பெற்றது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். பழைய காப்பகங்கள் இந்த நான்காவது உறுப்பை வெளியே தள்ளிவிட்டன. உயர்ந்த மதிலுக்கு உள்ளே நோயாளி, வெளியே குடும்பம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார். வேலூரும் பெங்களூரும் குடும்பம் உடனிருக்கும் இம்முறையைத் தமக்கேற்ப வளர்த்தெடுத்தன. நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பிரிவில் பெற்றோர் பிள்ளையுடன் தங்குவது இவ்வழியில் வந்ததே. உடனிருக்கும் தாய் வெறும் துணை மட்டும் அல்லள்; அவளே முதல் கண்காணிப்பாளரும் ஆவாள்.

இந்நிறுவனம் பிறரின் மருத்துவமனைகளைப் பார்க்கும் கண்ணாகவும் விளங்கியது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்காக அதன் குழுவினர் நாடெங்கும் 37 அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999இல் அறிக்கை அளித்தனர். பல இடங்களில் சிறைச்சாலையை ஒத்த கட்டடங்களும் பூட்டிய அறைகளும் நீடிப்பதை அது வெளிப்படுத்தியது. இத்தனைக்கும் மருத்துவமனைகளைப் பார்வையிடும் 'பார்வையாளர்கள்' குழு 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டமும் மாதம் ஒருமுறை ஆய்வு நடத்தச் சொன்னது. கண் இருந்தது, பார்வை இல்லை. 2008இல் இரண்டாவது அறிக்கை வந்தது. 2023 ஜனவரியிலும், குணமடைந்த பிறகும் நோயாளிகள் வீடு திரும்ப இயலாமல் அரசு மனநல நிறுவனங்களில் வைக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

சட்டம் கட்டிய மணி

2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கெனத் தனி ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. 87ஆம் பிரிவின்படி ஒரே மருத்துவரின் முடிவால் குழந்தையை உள்நோயாளியாக்க முடியாது. இரண்டு மனநல மருத்துவர்களோ, ஒரு மனநல மருத்துவருடன் வேறொரு தகுதியுள்ள நிபுணரோ, தனித்தனியே பார்த்து ஒத்த முடிவுக்கு வர வேண்டும். குழந்தையைப் பெரியவர்களுடன் ஒரே பிரிவில் வைக்கலாகாது. பெற்றோரோ உரிய பிரதிநிதியோ தங்கும் காலம் முழுவதும் உடனிருக்க வேண்டும். சேர்த்த செய்தி 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் செல்ல வேண்டும். முப்பது நாளைக் கடந்தால் வாரியம் ஏழு நாளுக்குள் கட்டாயம் மறுஆய்வு செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முப்பது நாளுக்கும் அவ்வாறே.

அந்த வாரியத்தில் மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ அதற்குத் தகுதியுடையவரோ தலைமை ஏற்கிறார். ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மருத்துவரும் இருக்கின்றனர். அவர்களுடன் இருவர், மனநோயால் பாதிக்கப்பட்டவர்களாகவோ பராமரிப்பவர்களாகவோ தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளாகவோ இருக்க வேண்டும். துன்பத்தை அனுபவித்தவருக்கு ஆராய்பவர்களின் வரிசையிலேயே சட்டம் இடம் தந்திருப்பது பெரும் அறநோக்கு.

குழந்தைகளுக்கு மின் அதிர்வுச் சிகிச்சையைச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. இன்றியமையாதது என மருத்துவர் கருதினால் பெற்றோரின் ஒப்புதலுடன் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். சங்கிலியும் தனிமைச் சிறையும் எவருக்கும் கூடாது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் நோயாளியின் உடலசைவைக் கட்டுப்படுத்தலாம். காரணமும் கால அளவும் பதியப்பட வேண்டும். மாதந்தோறும் வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

மாத அறிக்கை எதற்கு என்று வினவலாம். ஓர் இரவு ஒரு சிறுவனைக் கட்டுப்படுத்தியதற்குத் தக்க காரணம் இருந்திருக்கும். ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியே காரணம் இருந்திருக்கும். ஆனால் மாதக் கணக்கைப் பார்த்தால், செவிலியர் குறைவாக இருந்த இரவுகளிலேயே அவை நிகழ்ந்தன என்பது தெரியவரலாம். அப்போது குறை சிறுவனிடம் இல்லை, பணியமர்த்தலில் இருக்கிறது என்று விளங்கும். தனி நிகழ்வில் மறையும் உண்மை வரிசையில் வெளிப்படுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு வலிமையான மறுப்புகள் உண்டு. ஏடுகள் பெருகினால் அன்பு குறையும் என்பது ஒன்று. நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் படிவத்தைப் பார்க்க நேர்கிறது. தண்டனைக்கு அஞ்சும் மருத்துவர் கடினமான நோயாளிகளை ஏற்கத் தயங்குவார். இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. தவற்றைச் சொன்னவரைத் தண்டிக்கும் கண்காணிப்பு, தவற்றை மறைக்கவே கற்றுத்தரும். நல்ல கண்காணிப்பு முதலில் கேட்பது "யார் செய்தது?" என்பதை அன்று, "இது எப்படி நேர்ந்தது, மீண்டும் நேராமல் எப்படித் தடுப்பது?" என்பதை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. சேவையே போதாத நாட்டில் கண்காணிப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா? நிம்ஹான்ஸ் தலைமையில் 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. மனநோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சை எட்டாதவர்களே என்றும் அது கூறிற்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். இந்நிலையில் முதலில் கதவுகளைத் திறக்க வேண்டாமா?

திறக்கத்தான் வேண்டும், திறக்கப்பட்டும் வருகின்றன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசிச் சேவை, நிம்ஹான்ஸைத் தலைமை மையமாகக் கொண்டு 14416 என்ற எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் இயங்குகிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஆனால் ஏர்வாடியும் ஒரு கதவுதான். வேறு கதவு இல்லாததால் மக்கள் அங்கே சென்றனர். தேவை மிகும் இடத்தில் எந்தக் கதவாயினும் போதும் என்று தோன்றும். ஏமாறுவதும் அங்கேதான் எளிது. ஆகவே கதவுக்கும் மணிக்கும் இடையே முன்பின் வரிசை கிடையாது. கதவை வைக்கும்போதே மணியையும் கட்டிவிட வேண்டும்.

மணியை அசைப்பவர் யார்?

சட்டம் மணியைக் கட்டலாம். அசைக்க வேண்டியவர் மனிதரே. பல மாநிலங்களில் மறுஆய்வு வாரியங்கள் அமையவே ஆண்டுகள் ஆயின. அமைந்த பின்னும் அப்படி ஒன்று இருப்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. அறிந்தவர்களும் "மருத்துவரின் மனம் கோணுமோ" என்று தயங்குவர். மகளுக்கு என்ன மருந்து, எதற்காக, எத்தனை நாள், பக்கவிளைவு என்ன என்று கேட்பது நன்றிகெட்ட செயல் அன்று. அருகிருந்து உதவுபவரின் கடமை. கேட்கப்படும் கேள்வியை மதிப்புக் குறைவாகக் கொள்ளாமல் விடையளிப்பது மருத்துவரின் பெருமை.

அந்தப் பதினாறு வயதுப் பெண்ணிடம் திரும்பலாம். முப்பது நாள் கடந்தபின் வாரியத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து அவளருகே அமர்கிறார். அவளை அறியாதவர், சிகிச்சை தருபவரும் அல்லர், கட்டணம் கட்டுபவரும் அல்லர். "உனக்கு இங்கே எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார். அவள் ஒன்றும் சொல்லாமலே இருக்கலாம். "தூக்கம் தூக்கமாக வருகிறது" என்று மட்டும் சொல்லலாம். அந்த ஒரு சொல் குறிப்பேட்டில் ஏறினால், மருந்தின் அளவு மறுபடி எண்ணிப் பார்க்கப்படும். அவள் எதுவும் சொல்லாவிட்டாலும்கூட, ஒருவர் வந்து கேட்பார் என்ற உணர்வு அந்த வார்டில் உள்ள அனைவரின் கைகளையும் சற்றே கவனமாக்கும்.

இதில் தந்தையின் அன்பு குறைந்துவிடவில்லை. மருத்துவரின் திறமை சிறுமைப்படவில்லை. இருவரும் தாங்கள் காணாததைக் காண இன்னொருவருக்கு இடம் விட்டனர், அவ்வளவே. பிறரின் வாழ்வைத் தன் கையில் ஏற்பவர் தன் தூய எண்ணத்தை அவருக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. தன்மீது முறையிடும் வழியையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். தன் வாயிலில் தானே மணி கட்டிய மன்னன் செய்தது அதைத்தான்.